அந்தக் கைகள் யாருடையவை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஸ்கேனரைப் பற்றியோ கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது என்பதைப் பற்றியோ நான் ஒன்றும் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஓய்வு பெறும் நாள் வரைக்கும், கணினி அடம் பிடித்தால் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

ஆனால் படத்தை வெட்டுகிற பொத்தான் இருக்கிறதே, அதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். அதை அமுக்குமுன் ஒரு நிமிடம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

கல்பிட்டி வீதியில், களப்பைப் பார்த்தபடி இருந்த எங்கள் கற்கை நிலையம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். போர் முடிந்த பிறகு, பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலும் நூலகத்திலும் பூட்டிக் கிடந்தவற்றையெல்லாம் படமெடுத்து வகுப்பறைகளுக்குக் கொண்டுபோகும் வேலையை எங்களிடம் தந்தார்கள். ஆவுளியா என்ற கடற்பசுவின் எலும்புக்கூடு, பழைய வரைபடங்கள், ஏடுகள், மீன்பிடிப் பொருட்கள் என்று எல்லாம் வந்தன. மீன் கூடு ஒன்றைத் தலைகீழாக வைத்துப் படமெடுத்து, ஒரு தவணை முழுவதும் கரையோரப் பிள்ளைகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த கதையும் உண்டு. அது சிரித்துவிட்டு மறக்கக்கூடிய பிழை.

நான் சொல்லப்போவது, அலுமாரியின் அடித்தட்டில் இருந்த ஒரு பெட்டி நெகட்டிவ்களைப் பற்றி. தொண்ணூறில் தமிழ் இயக்கத்தினர் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்களே, மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் மழையோடு மழையாகக் கல்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு உதவி செய்யப் போன எங்கள் விரிவுரையாளர் ஒருவரின் கையில் கமரா இருந்திருக்கிறது. அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. யாருடைய பெயரையும் அவர் எழுதி வைக்கவில்லை. அந்தக் கரையில் பேனாவைத் தேட யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

அந்தப் படங்களைச் சமூகவியல் வகுப்புகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவானதும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரைக் கூப்பிட்டுப் பேசினோம். அவர்கள் கேட்டது ஒன்றுதான். தலை மூடாமல் இருக்கும் பெண்களின் படங்களை யாருக்கும் காட்டக்கூடாது. நியாயமான வேண்டுகோள். உயிரைப் பிடித்துக்கொண்டு வந்த நேரத்தில் குலைந்து நின்றவர்களை, அந்தக் கோலத்திலேயே பரம்பரைக்கும் வைத்துப் பார்ப்பது யாருக்குத்தான் சம்மதமாக இருக்கும்? நாங்கள் வாக்குக் கொடுத்தோம்.

அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பை நஸார் நானா தன் தலையில் போட்டுக்கொண்டார். எங்கள் படப்பிடிப்பாளர் அவர். என்னைவிட இளையவர்தான், ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்களிடம் வருமுன் புத்தளத்தில் கலியாண வீடுகளுக்குப் படமெடுத்தவர். மணப்பெண்ணுக்குப் பின்னால் யாராவது ஒருத்தியின் முக்காடு நழுவியிருந்தால், ஆல்பத்தைக் கொடுக்குமுன் அந்த இடத்தை வெட்டிவிடுவார். ஒருவரும் கேட்காமலே செய்வார். அந்தப் பக்குவத்துக்காகவே வீட்டுக்காரர்கள் அவரைத் தேடிப் போவார்கள்.

அதே பக்குவத்தோடு இந்தப் படங்களையும் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வதுகூடப் பிழை. தலை மூடாத பெண் வந்தால் மனிதர் முகத்தை அரைவாசி திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் கோடு போட்டு வெட்டுவார். "நானா, இப்படி வெட்டினா ஒரு நாளைக்கு உங்கட விரலையும் சேத்து வெட்டிப்போடுவியள்" என்று நான் பகிடி பண்ணுவேன். படத்தை முழுதாக ஒதுக்கிவிட அவருக்கு மனமில்லை. பிள்ளைகள் படிக்கட்டும், பெண்ணின் மானமும் இருக்கட்டும் என்று இரண்டையும் காப்பாற்றப் பார்த்தார். வெட்டாத மூலப் பிரதிகள் கணினியில் தனியாகப் பூட்டிய இடத்தில் இருந்தன. அதைத் திறக்கும் கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

பிறகு ஊர் மக்களைக் கூப்பிட்டுப் பெயர் கேட்கும் நாள் ஒன்று வைத்தோம். மண்டபத்தில் மேசைகளைப் போட்டுப் படங்களைப் பரப்பி வைத்தோம். பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். கொழும்பிலிருந்து பேராசிரியர்கள் வந்திருந்தார்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் முன்வரிசையில் இருந்தார்கள். "இது எங்கட சாச்சா", "இந்தா, இது நம்மட பழைய வள்ளம்" என்று மண்டபம் கலகலத்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக இருந்தது.

பெண்கள் பக்கத்தில் ஒருவர் மட்டும் ஒரு படத்தைக் கையில் எடுத்தபடி அசையாமல் நின்றார். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். கறுப்பு முக்காடு. பெயர் பரீதா என்று பிறகு சொன்னார். மன்னாரிலிருந்து வந்தவர். படத்தில் ஒரு கைக்குழந்தை. நனைந்த துணியால் கழுத்து வரை இறுக்கிச் சுற்றியிருந்தது. அதைத் தாங்கிப் பிடித்த இரண்டு கைகள். அதற்கு மேலே ஒன்றுமில்லை. நஸார் நானாவின் கோடு அந்தப் பெண்ணின் தோளுக்குக் கீழே போயிருந்தது. குறிப்பில் 'குழந்தை, கல்பிட்டிக் கரை' என்று மட்டும் எழுதியிருந்தோம்.

"மிஸ், இது என்ட புள்ள" என்றார். "என்ட அஸ்லம். நெத்திச் சுழியப் பாருங்க. இந்தச் சுழி எங்கட வாப்பா வழி."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்று பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"இவனத் தூக்கி வச்சிருக்கிற பொம்புள ஆரு மிஸ்? உசுரோட இருக்காவா?"

"அது நீங்கள் இல்லையா தங்கச்சி?"

"நான் இல்ல. நான் அவன மூடல்ல."

அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரித் தட்டையாக இருந்தது. பல வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன குரல் அது. அந்தப் பயணத்தில் அவருக்கும் காய்ச்சல். வள்ளத்தில் ஏறியதும் கரையில் இறங்கியதும் எதுவும் சரியாக ஞாபகமில்லை. குழந்தை நனைந்து, குளிர் பிடித்து, சில நாளில் தென்னந்தோட்ட முகாமில் மௌத்தாகிவிட்டது. கணவரின் தாய் வேறு வள்ளத்தில் பிந்தி வந்து சேர்ந்திருக்கிறார். அவர் கண்டபோது பரீதாவின் தலையில் முக்காடு இருந்தது. குழந்தை வெறும் உடம்போடு நடுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையை அடக்கிவிட்டு வந்த அன்று மாமி ஒரு வார்த்தை சொன்னாராம்.

"மானத்தப் பாத்தாய், மகனப் பாக்கலியேண்டு கேட்டா. ஒரு தரம்தான் கேட்டா மிஸ். பொறகு எந்த நாளும் கேட்டதில்ல. நல்ல மனுசி. என்னப் புள்ளயப் போலத்தான் வச்சிருக்கா."

ஒரு தரம் போதும். அந்த ஒரு வார்த்தையோடு இந்தப் பெண் இத்தனை வருடமும் சோறு சமைத்து, வேறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, அதே மாமிக்குத் தலை வாரிவிட்டு வாழ்ந்திருக்கிறார். இப்போது அவர் கையில் ஒரு படம். தன் பிள்ளையை யாரோ ஒருத்தி மூடியிருக்கிறாள்.

"அந்தப் பொம்புளய நான் பாக்கணும் மிஸ். என்னால ஏலாத வேலய அவ செஞ்சிருக்கா. அவட கையப் புடிச்சி ஒரு வார்த்த சொல்லணும்."

பக்கத்தில் நின்ற பெண்கள் கூடிவிட்டார்கள். உதவி செய்யும் ஆவல் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் கூடுதல்தானே. "கரையில நிண்டு புள்ளைகள வாங்கினது எங்கட மூத்தம்மாதான். இப்ப கனமூலையில மகளோட இருக்கா" என்றார் ஒருவர். இன்னொருவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கைகள் கனமூலை மூத்தம்மாவின் கைகளாகிவிட்டன. ஆண்கள் பக்கத்திலிருந்து பரீதாவின் கணவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு, ஓட்டோ பிடித்து வருகிறேன் என்று வெளியே போனார்.

நான் பின்னறைக்கு ஓடி மூலப் பிரதியைத் திறந்தேன். மெலிந்த இளம்பெண் ஒருத்தி. தலை திறந்து, ஈர முடி முகத்தில் ஒட்டிக் கிடந்தது. கமராவை அவள் பார்க்கவே இல்லை. பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்கிறாள். பரீதாவா? தாடை பரீதாவைப் போலத்தான் இருந்தது. ஆனால் மழையில் நனைந்த இருபது வயதுப் பெண்ணையும் வெளியே நிற்கும் பெண்ணையும் வைத்து, நான் எப்படிச் சத்தியம் பண்ணுவேன்?

நஸார் நானா வாசலில் முதுகைக் காட்டி நின்றபடியே பேசினார்.

"மிஸ், அதத் திறக்காதீங்க. நாம வாக்குக் குடுத்திருக்கம்."

"ஊருக்குக் காட்டமாட்டம் எண்டுதான் சொன்னனாங்கள் நானா. அவவுக்கே அவவைக் காட்டமாட்டம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அது அவதானெண்டு ஆருக்குத் தெரியும்? வேற ஒராளா இருந்தா? அந்தப் பொம்புளட தலய நாமளே இன்னொராளுக்குக் காட்டினதா ஆயிடுமே. இது அமானிதம் மிஸ்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அந்தப் படத்தில் இருந்த பெண் தன்னை எங்களிடம் ஒப்படைக்கவில்லை என்பது இன்னும் மோசம். அதனால் எங்கள் கையில் இருந்த பொறுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. மறுபக்கம், வெளியே ஓட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பரீதா கனமூலைக்குப் போவார். எந்தக் கையையோ பிடித்து அழுவார். அந்த மூத்தம்மாவும் இல்லை என்று சொல்ல மனமில்லாமல் ஓம் என்று சொல்லக்கூடும். அதற்குப் பிறகு நாங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்துகிறேன். காட்டுவதா, மறைப்பதா என்று மட்டும் யோசித்தால் இரண்டில் எதைச் செய்தாலும் பிழையாகிவிடும். மூன்றாவது வழி ஒன்று எப்போதும் இருக்கிறது. கேட்கலாம்.

பரீதாவை மட்டும் பின்னறைக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். திரையை என் பக்கம் திருப்பி வைத்தேன். நஸார் நானா கதவுக்கு வெளியே போய் நின்றார்.

"தங்கச்சி, அந்தக் கைகள் உங்கட இல்லையெண்டு எப்பிடித் தெரியும்?"

"என்ட கையில காப்பு இருந்திச்சி மிஸ். ரெண்டு கையிலயும். கலியாணத்துக்கு வாப்பா போட்ட. இது வெறுங்கை."

"அந்தக் காப்பு இப்ப எங்க?"

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். வள்ளத்தில் ஏறுமுன் அந்தப் பக்கக் கரையில் துவக்கோடு நின்ற இயக்கப் பெடியன்கள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். காப்புக் கழலவில்லை. ஒருவன் சவர்க்காரம் கொண்டுவந்தான்.

"சவுக்காரம் போட்டு உருவினான்" என்றார். தன் மணிக்கட்டைத் தானே தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப, வள்ளத்தில ஏறேக்க உங்கட கையில காப்பு இல்லை."

"இல்ல" என்றார். இன்னொரு தடவை, "இல்ல மிஸ்" என்றார்.

அப்போது என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்க எந்த ஊரு?"

அந்தக் கேள்வி எல்லாரும் கேட்பதுதான். முன்னேஸ்வரம் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். போர்க்காலத்தில் இந்தப் பக்கம் வந்து முன்னேஸ்வரத்தில்தான் குடியிருந்தேன், பொய்யும் இல்லை. ஆனால் அன்று அதைச் சொல்ல நா எழவில்லை. அந்தப் பெடியன்கள் பேசியது என் வீட்டுப் பேச்சு.

"யாழ்ப்பாணம்" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் முடியவில்லை.

"அப்ப நீங்களும் ஊர உட்டுட்டு வந்தவதான்" என்றார் பரீதா. நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

முதலில் அவர் கை தன் முக்காட்டைப் பிடித்து நெற்றிக்கு இழுத்தது. திரையில் இருந்த பெண்ணின் தலையை மூடப் பார்த்தது போல இருந்தது. பிறகு கண் கீழே இறங்கியது. வெட்டிய படத்தில் இல்லாத ஒன்று முழுப் படத்தில் இருந்தது. குழந்தையைச் சுற்றிய துணியின் முனை அவள் தோளின் மேல் கிடந்தது. அதில் சின்னச் சின்னப் பூ வேலைக் கரை.

"இது என்ட முக்காடு" என்றார். "வாப்பா பெருநாளைக்கி எடுத்துத் தந்த."

விரலால் அந்தக் கரையைத் தொட்டார். கண்ணாடித் திரையில் அதை வழித்துக்கொண்டே போனார், துணியின் மடிப்பைச் சரி செய்வது போல.

"நான்தான் மூடியிருக்கன். மிஸ், நான்தான் மூடியிருக்கன்."

பிறகு அழுதார். நானும் அழுதேன். ஓய்வு பெற்றவள் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். பணியில் இருக்கும்போது உயரதிகாரிகளிடம் சொல்லவில்லை.

நடந்ததை நாங்கள் பிறகு ஒருவாறு கோத்துப் பார்த்தோம். கரையில் ஆண்கள் நின்றார்கள். இந்தப் பெண் காய்ச்சலோடு தலை திறந்து நிற்பதைக் கண்டு யாரோ ஒரு நல்ல மனுசி, பிள்ளையைச் சுற்றியிருந்த ஈரத்துணியை எடுத்து இவர் தலையில் போட்டுவிட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மாமி வந்திருக்கிறார். அந்த மனுசியும் நஸார் நானாவும் செய்தது ஒரே வேலைதான். இருவருக்கும் நல்ல மனம். அதனால்தான் இந்தப் பிழையை நான் யார் தலையிலும் கட்டுவதில்லை. கெட்ட எண்ணத்தோடு வெட்டுகிறவனைக் கண்டுபிடித்துவிடலாம். பக்குவத்தோடு வெட்டும்போதுதான் யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

பரீதா எழுந்து கதவைத் திறந்தார். கணவரைக் கூப்பிட்டார். பிறகு, முகத்தைத் திருப்பி நின்ற நஸார் நானாவையும் பார்த்து, "நானா, நீங்களும் வாங்க. பாருங்க. நான்தான் சொல்றன்" என்றார். நானா உள்ளே வந்தார். தான் வெட்டிய படத்தை அன்றுதான் முதன்முதலாக முழுக் கண்ணால் பார்த்தார். கணவர் திரைக்கு முன்னால் நின்றபடியே நின்றார். ஓட்டோக்காரர் வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். யாரும் போகவில்லை.

படத்தை என்ன செய்யலாம் என்று பரீதாவிடமே கேட்டோம். இணையத்தில் போட வேண்டாம், வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றார். "காட்டினா முழுசாக் காட்டுங்க" என்றும் சொன்னார். குறிப்பில் அவருடைய பெயரையும் அஸ்லமின் பெயரையும் எழுதினோம். வெட்டிய ஒவ்வொரு படத்தின் கீழும் 'இது வெட்டப்பட்டது' என்று எழுதும் வழக்கத்தை அடுத்த நாளே நஸார் நானா தொடங்கினார். நீங்கள் இன்று பதிவில் காணும் அந்த வரி அப்படி வந்ததுதான். ஏன் இந்த வீண் வேலை என்று உங்களில் யாரோ கேட்டதாகக் கேள்விப்பட்டேன். இதுதான் பதில்.

பரீதாவுக்கு ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுத்தோம். சுவரில் மாட்டமாட்டார்கள், அலுமாரியில் வைப்பார்கள் என்று நினைத்தேன். சில நாள் கழித்து அவருடைய கணவர் தனியாக வந்தார். நான் தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"உம்மாக்குப் படத்தக் காட்டினம் மிஸ்."

மாமிக்குக் கண் சரியாகத் தெரியாது என்று பரீதா சொல்லியிருந்தார். "விளங்கினதா?" என்று கேட்டேன்.

"வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினம். கன நேரம் பாத்தா. அந்தப் பூக்கரையத்தான் பாத்தா."

"என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல." அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "கிட்ட வாண்டு இவளக் கூப்பிட்டா. தன்ட முக்காட்டக் களட்டி இவட தலையில போட்டா. உம்மாட வெறுந்தலய நான் அண்டைக்கித்தான் மிஸ் கண்ட."